மந்தம் முடிந்ததா, பென்ஷன் பணம் தப்புமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாதாரம் எப்போது எழும் என்பது ஒரு கேள்வி, ஓய்வுக்காலப் பணத்தை என்ன செய்வது என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குப் பதில் தெரிந்தால்தான் இரண்டாவதில் கை வைக்க முடியும் என்று நினைத்துக்கொண்டு பலரும் செய்தி பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் கேள்விக்கு உறுதியான பதில் வருவதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். இரண்டாவதற்கு அந்தப் பதில் பெரும்பாலும் தேவையே இல்லை.

மந்தநிலை முடிந்துவிட்டது என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம், ஆனால் "முடிந்தது" என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்துகொண்டு நம்புங்கள். பொருளாதார நிபுணர்கள் மந்தம் முடிந்தது என்று சொன்னால், சரிவு நின்றுவிட்டது, இனி கீழே போகவில்லை என்று மட்டும்தான் பொருள். பழைய நிலைக்குத் திரும்பிவிட்டோம் என்று பொருள் இல்லை. அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தம் 2009 ஜூனில் முடிந்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகும் வேலையின்மை ஏறிக்கொண்டே போய் 2009 அக்டோபரில்தான் 10 சதவீதம் என்ற உச்சத்தைத் தொட்டது. மந்தத்துக்கு முன்னால் இருந்த வேலைகளின் எண்ணிக்கையை மறுபடி எட்ட 2014 வரை ஆனது. ஆக, 2010இல் வேலை தேடி அலைந்த ஒருவரிடம் போய் "மந்தம் போன வருடமே முடிந்துவிட்டதே" என்று சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இன்னொன்று, அது முடிந்ததே அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அங்கே மந்தத்தின் தொடக்கத்தையும் முடிவையும் தேதி குறித்து அறிவிக்கும் பொருளாதார ஆய்வுக் கழகம், 2009 ஜூனில் முடிந்ததை 2010 செப்டம்பரில்தான் அறிவித்தது. தொடக்கமும் அப்படியே, 2007 டிசம்பரில் தொடங்கியதை 2008 டிசம்பரில் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, புள்ளிவிவரம் திருத்தப்பட்டு நிலைக்கு வரும்வரை காத்திருப்பதுதான் அவர்கள் வேலை. அந்த அறிவிப்பை வைத்துப் பணத்தை நகர்த்த நினைப்பவர்தான் ஏமாந்துபோவார்.

தொடர்ந்து இரண்டு காலாண்டு ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு) குறைந்தால் மந்தம், ஏறினால் மீட்சி, இவ்வளவுதானே?

தலைப்புச் செய்திக்கு இது வசதியான விதி. முதலில் வெளிவரும் ஜிடிபி எண் ஒரு மதிப்பீடு, அது பலமுறை திருத்தப்படும். 2008இன் கடைசிக் காலாண்டில் அமெரிக்கப் பொருளாதாரம் ஆண்டு வீதத்தில் 3.8 சதவீதம் சுருங்கியதாக முதல் அறிவிப்பு வந்தது. பிற்பாடு அது 8 சதவீதத்துக்கும் மேல் என்று திருத்தப்பட்டது. பிரிட்டனில் நேர்மாறான கதை. 2012 ஏப்ரலில் "இரட்டைச் சரிவு, நாடு மறுபடி மந்தத்தில்" என்று பெரிய கூச்சல், அரசியலில் சண்டை எல்லாம் நடந்தது. 2013 ஜூனில் எண்களைத் திருத்திப் பார்த்தபோது அந்த இரண்டாவது மந்தமே காணாமல் போயிருந்தது. நடக்காத ஒரு மந்தத்துக்குப் பயந்து அந்த ஒரு வருடத்தில் எத்தனை பேர் சேமிப்பை எங்கெங்கே மாற்றினார்களோ!

அப்புறம் எதைத்தான் பார்ப்பது?

ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்காமல் சிலவற்றைச் சேர்த்துப் பாருங்கள். அதுவும் ஒரு மாதத்தை வைத்து இல்லை, மூன்று நான்கு மாதப் போக்கை வைத்து.

வேலை விஷயத்தில், வேலையின்மை விகிதம் கடைசியாகத் திரும்பும் எண். நிறுவனங்கள் புது ஆளை எடுப்பதற்கு முன் இருக்கும் ஆட்களையே கூடுதல் நேரம் வேலை வாங்கும், பிறகு தற்காலிக ஆட்களை எடுக்கும், அப்புறம்தான் நிரந்தர வேலை. அதனால் சராசரி வேலை நேரமும் தற்காலிக வேலைகளும் முதலில் அசையும். வேலையின்மை விகிதம் குறைந்தால் உடனே சந்தோஷப்பட்டுவிடவும் கூடாது, ஏனென்றால் தேடிச் சலித்துப்போய் தேடுவதையே நிறுத்தியவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். வேலையில் இருப்போர் மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் என்று பக்கத்திலேயே ஒரு எண் இருக்கும், அது ஏறுகிறதா என்று பாருங்கள். தானாகவே வேலையை விட்டு வேறு இடம் போகிறவர்கள் கூடினால் அது எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி. அடுத்த வேலை கிடைக்கும் என்ற தைரியம் இல்லாமல் யாரும் ராஜினாமாக் கடிதம் எழுத மாட்டார்கள்.

கடன் விஷயத்தில், வங்கிகள் சிறு தொழில்களுக்குத் தாராளமாகக் கொடுக்கின்றனவா, நிறுவனங்களின் கடன் பத்திரங்களுக்கும் அரசுக் கடன் பத்திரங்களுக்கும் இடையிலான வட்டி வித்தியாசம் சுருங்குகிறதா என்று பார்க்கலாம். வித்தியாசம் விரிந்தால் பயம், சுருங்கினால் நம்பிக்கை. நிறுவனங்களுக்குப் பொருள் வாங்கும் மேலாளர்களிடம் கேட்டுத் தயாரிக்கும் கொள்முதல் மேலாளர் குறியீடு என்று மாதாமாதம் ஒன்று வரும், 50க்கு மேல் போனால் முந்தைய மாதத்தைவிட நிலைமை தேறியது என்று சொன்னவர்கள் அதிகம். "முந்தைய மாதத்தைவிட" என்பதை மறந்துவிடாதீர்கள். படுமோசமான மாதத்துக்கு அடுத்த மாதம் வெறும் மோசமாக இருந்தாலும் அந்த எண் 50ஐத் தாண்டும்.

"வரலாறு காணாத வளர்ச்சி" என்று செய்தி வந்தால்?

எந்த அடியிலிருந்து என்று கேளுங்கள். 100 ரூபாய் 20 சதவீதம் விழுந்தால் 80. அது 20 சதவீதம் ஏறினால் 96தான், 100 இல்லை. பாதியாக விழுந்தது பழைய நிலைக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். பெரிய சரிவுக்கு அடுத்த ஆண்டு வரும் வளர்ச்சி விகிதம் எப்போதுமே பிரமாதமாகத்தான் தெரியும். சதவீதத்தை விட்டுவிட்டு, மந்தத்துக்கு முன்னிருந்த அளவைத் தொட்டோமா என்று மட்டும் பாருங்கள், அதுவும் பணவீக்கத்தைக் கழித்துவிட்டு.

பங்குச்சந்தை ஏறுகிறது. அது முன்கூட்டியே சொல்லும் என்பார்களே?

பல முறை சொல்லியிருக்கிறது. 2009 மார்ச் 9 அன்று அமெரிக்கச் சந்தை அடியைத் தொட்டது, மந்தம் முடிந்தது ஜூனில், அறிவிப்பு வந்தது அடுத்த ஆண்டு செப்டம்பரில். அறிவிப்புக்காகக் காத்திருந்தவர் அதற்குள் வந்த பெரிய ஏற்றத்தைத் தவறவிட்டார்.

ஆனால் சந்தை பொய்யும் சொல்லும். 1929 நவம்பரில் விழுந்து கிடந்த அமெரிக்கப் பங்குகளின் டௌ ஜோன்ஸ் குறியீடு 1930 ஏப்ரலுக்குள் கிட்டத்தட்ட 48 சதவீதம் ஏறியது. கெட்ட காலம் போய்விட்டது என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் ஏராளம். 1932 ஜூலையில் அதே குறியீடு 41இல் நின்றது, 1929இன் உச்சம் 381. ஏற்றம் நடக்கும்போது அது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. முடியும் என்று தொலைக்காட்சியில் சொல்கிறவருக்குச் சம்பளம் சொல்வதற்கு, சரியாகச் சொல்வதற்கு இல்லை.

எழுந்த பிறகு மறுபடி விழ வாய்ப்பு உண்டா?

உண்டு. அமெரிக்காவில் 1933க்குப் பிறகு நன்றாக எழுந்துவந்த பொருளாதாரம், அரசுச் செலவும் பணப்புழக்கமும் சீக்கிரமே இறுக்கப்பட்டதும் 1937இல் மறுபடி சரிந்தது. 1980இல் ஒரு சிறு மந்தம், மூச்சு விடுவதற்குள் 1981இல் இன்னொன்று, இந்த முறை பணவீக்கத்தை அடக்க வட்டியை ஏற்றியதால். ஆகவே மீட்சியைப் பார்க்கும்போது அதைத் தாங்கி நிற்பது எது என்றும் பாருங்கள். அரசு கொடுத்த உதவிப் பணம் மட்டும்தான் என்றால் அது நிற்கும் தேதி முக்கியம்.

என் பென்ஷன் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு காணோம். இருப்பதையாவது காப்பாற்ற விற்று எடுத்துவிடட்டுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான், இதற்குப் பதில் பொருளாதாரத்தில் இல்லை, உங்கள் பிறந்த தேதியில் இருக்கிறது. இந்தப் பணம் உங்களுக்கு எப்போது தேவை?

இருபது ஆண்டு கழித்துத்தான் என்றால் விற்காதீர்கள். 2020 பிப்ரவரி 19க்கும் மார்ச் 23க்கும் இடையில் அமெரிக்கச் சந்தை சுமார் 34 சதவீதம் விழுந்தது, ஆகஸ்டிலேயே பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. மார்ச்சில் விற்றவர், நிலைமை தெளியட்டும் என்று காத்திருந்து, விற்றதைவிடக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. 2007 அக்டோபர் உச்சத்தை மறுபடி எட்ட 2013 ஆனது, அதுவும் இருபது ஆண்டுக் கணக்கில் தாங்கக்கூடியதே. அந்தக் காலத்தில் மாதாமாதம் போட்டுவந்த பணம் மலிவான விலைக்கு வாங்கிக்கொண்டேதான் இருந்தது.

"பொறுத்தால் எப்படியும் திரும்பி வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 ஆண்டு! ஐம்பது வயதில் எல்லாவற்றையும் அதில் போட்டவருக்குப் பொறுமை எந்த உதவியும் செய்திருக்காது. ஒரே நாடு, ஒரே துறை, ஒரே சந்தை என்று மொத்தமும் முடங்காமல் இருந்தால்தான் பொறுமைக்கு மதிப்பு.

எனக்கு இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு. எனக்கு என்ன ஆபத்து?

மற்ற எல்லோரையும்விட உங்களுக்குத்தான் அதிகம். ஓய்வுக்கு ஐந்து ஆண்டு முன்னும் ஐந்து ஆண்டு பின்னும் வரும் சரிவுதான் ஒரு சேமிப்பைக் கொல்லும். காரணம் சரிவின் அளவு மட்டும் இல்லை, வரிசையும்கூட. கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

இருவரிடம் ஆளுக்கு 100 இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் 10 எடுத்துச் செலவு செய்கிறார்கள். முதலாமவருக்கு மூன்று ஆண்டு வருமானம் மைனஸ் 30, பிளஸ் 10, பிளஸ் 30 சதவீதம். இரண்டாமவருக்கு அதே எண்கள் தலைகீழ் வரிசையில். பணமே எடுக்காவிட்டால் இருவர் கையிலும் கடைசியில் ஏறத்தாழ 100தான் இருக்கும். எடுத்துக்கொண்டே போனால், முதலாமவர் 100லிருந்து 70க்கு வந்து, 10 போக 60, அது 66 ஆகி 56, பிறகு 72.8 ஆகி 62.8இல் நிற்பார். இரண்டாமவர் 120, 122 என்று போய்க் கடைசியில் விழுந்தும் 75.4இல் நிற்பார். சராசரி வருமானம் ஒன்றுதான், எடுத்த பணமும் ஒன்றுதான். விலை விழுந்த நேரத்தில் விற்றுச் சாப்பிட்டதால் மட்டும் வந்த வித்தியாசம் அது. விற்ற பங்கு மீட்சி வரும்போது உங்களிடம் இருக்காது.

ஆகவே தீர்வு, விழுந்த நேரத்தில் விற்க வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்வது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுச் செலவுக்கானதை வங்கி வைப்பிலோ குறுகியகால அரசுப் பத்திரத்திலோ ஒதுக்கி வையுங்கள். மற்ற பென்ஷன் வருமானம் எவ்வளவு வருமோ அதைக் கழித்துவிட்டு மிச்சச் செலவுக்கு மட்டும் ஒதுக்கினால் போதும். சந்தை விழுந்தால் அதிலிருந்து எடுங்கள், நன்றாக இருக்கும் ஆண்டில் அதை மறுபடி நிரப்புங்கள். இதைச் செய்ய வேண்டிய நேரம் மந்தம் வருவதற்கு முன். ஏற்கெனவே விழுந்துவிட்டது என்றால் ஒரேயடியாக விற்காமல், முடிந்தால் ஓய்வை ஓராண்டு தள்ளிப்போடுவது அல்லது பகுதிநேர வேலை, இவற்றின் பலன் எந்த முதலீட்டுத் தந்திரத்தையும்விடப் பெரியது. சேமிப்புக்கு ஓராண்டு கூடும், செலவில் ஓராண்டு குறையும்.

ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டேன். ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம்?

4 சதவீத விதி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1994இல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் பழைய சந்தை விவரங்களை வைத்துக் கணக்கிட்டது. முதல் ஆண்டு சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, அதற்கடுத்து அந்தத் தொகையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே போனாலும் 30 ஆண்டு தாங்கும் என்பது அதன் சாரம். அது அமெரிக்கச் சந்தையின் கணக்கு, வேறு எங்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மோசமான ஆண்டில் உயர்வை எடுக்காமல் விடுவது, வாகனம், பயணம் போன்றவற்றைத் தள்ளிப்போடுவது என்று கொஞ்சம் வளைந்து கொடுத்தால் எந்தச் சதவீதமும் நீண்ட நாள் நிற்கும்.

எல்லாவற்றையும் கடன் பத்திரத்திலும் வங்கியிலும் போட்டால் பாதுகாப்பு அல்லவா?

ஓரளவு. வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும், நீண்டகாலப் பத்திரம் என்றால் இன்னும் அதிகமாக இறங்கும். 2022இல் அமெரிக்காவில் பங்குகள் கிட்டத்தட்ட 19 சதவீதம் விழுந்தன, அவற்றைத் தாங்கிப்பிடிக்க வேண்டிய பத்திரங்களும் சுமார் 13 சதவீதம் விழுந்தன. ஓய்வு நெருங்குகிறது என்று பங்கிலிருந்து தானாகவே பத்திரத்துக்கு மாற்றப்பட்டவர்கள் பலருக்கு அது பேரதிர்ச்சி. பணம் தேவைப்படும் தேதிக்குப் பக்கத்தில் முதிரும் பத்திரமாக எடுத்தால் இந்தச் சிக்கல் பெரிதாக வராது.

"ரொக்கம் போலவே" என்று விற்கப்படும் ஃபண்டுகளும் ரொக்கம் இல்லை. லேமேன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலான மறுநாள், 2008 செப்டம்பர் 16 அன்று, ரிசர்வ் பிரைமரி என்ற பணச்சந்தை ஃபண்டில் போட்ட 1 டாலரின் மதிப்பு 97 சென்டாகக் குறைந்தது. தொகை சிறிதுதான், ஆனால் அதில் பணம் வைத்திருந்தவர்களால் உடனே எடுக்க முடியவில்லை. வங்கியில் வைத்தால் டெபாசிட் காப்பீட்டு வரம்பு, அதாவது வங்கி கவிழ்ந்தாலும் திரும்பக் கிடைக்கும் தொகை, எவ்வளவு என்று பார்த்து, அதற்குள் பிரித்து வையுங்கள். 2013இல் சைப்ரஸில் வங்கிகள் நொடித்தபோது 1 லட்சம் யூரோவுக்கு உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள், இரண்டு பெரிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் அதற்கு மேல் வைத்திருந்ததில் கிட்டத்தட்ட பாதியிலிருந்து ஏறக்குறைய முழுவதும் வரை இழந்தார்கள். மெதுவாகக் கடிக்கும் பணவீக்கத்தையும் மறக்காதீர்கள், ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் 12 ஆண்டில் பணத்தின் மதிப்பு பாதி.

நிறுவனமே பென்ஷன் தருவதாகச் சொல்லியிருக்கிறது. நிறுவனம் மூழ்கினால்?

முதலில் உங்களுடையது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இவ்வளவு தருவோம் என்று வாக்குக் கொடுக்கும் வகையில் சந்தை ஆபத்து நிறுவனத்துடையது, நிறுவனம் கவிழும் ஆபத்து உங்களுடையது. மாதாமாதம் உங்கள் கணக்கில் சேரும் வகையில் பணம் தனியாக இருக்கும், ஆனால் சந்தை ஆபத்து முழுக்க உங்கள் தலையில்.

1963 டிசம்பரில் ஸ்டூட்பேக்கர் கார் நிறுவனம் அமெரிக்காவில் தன் தொழிற்சாலையை மூடியபோது பல ஆண்டு உழைத்த சுமார் 4,000 தொழிலாளர்களுக்குச் சேர வேண்டியதில் 15 சதவீதம் அளவுக்கே கிடைத்தது. பென்ஷன் காப்பீட்டுக்கு வழிசெய்த 1974ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அது முக்கியத் தூண்டுதல். பிரிட்டனில் 1991இல் பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல் இறந்த பிறகுதான் அவருடைய நிறுவனங்களின் பென்ஷன் நிதியிலிருந்து கோடிக்கணக்கான பவுண்டு எடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆகவே மூன்று கேள்விகள்: நிதி நிறுவனக் கணக்கிலிருந்து தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறதா, கடமைக்கு ஈடாக எத்தனை சதவீதம் பணம் இருக்கிறது, கவிழ்ந்தால் ஏற்க அரசு அமைப்பு ஏதும் உண்டா, உண்டென்றால் எந்த வரம்பு வரை.

இன்னொரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கிலேயே ஓய்வுக்காலப் பணத்தையும் வைக்காதீர்கள். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் 2001 டிசம்பரில் திவாலானது, சரிவுக்கு முன் அதன் ஊழியர்களின் ஓய்வுக்காலக் கணக்குகளில் பாதிக்கும் மேல் என்ரான் பங்குகளாகவே இருந்தன. சம்பளமும் சேமிப்பும் சேர்ந்தே போயின.

வேலை போய்விட்டது. பென்ஷன் பணத்தை முன்கூட்டியே எடுக்கலாமா?

சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வேறு வழி இல்லை என்றால் எடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அனுமதி இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். சிலியில் 2020, 2021இல் மூன்று முறை தலா 10 சதவீதம்வரை எடுக்க அனுமதித்தார்கள். சிறிய கணக்குகள் என்றால் முழுவதையுமே எடுக்கலாம் என்றிருந்ததால் லட்சக்கணக்கானோரின் கணக்கு காலியானது, குறைவாகச் சேர்த்திருந்தவர்களே அதில் முன்னால் இருந்தார்கள். எடுப்பதற்கு முன் வரி, அபராதம் இரண்டையும் கழித்துக் கையில் எவ்வளவு வரும் என்று பாருங்கள். கடன்காரர் மிரட்டுகிறார் என்று எடுத்துக் கட்டுவதற்கு முன், உங்கள் நாட்டுச் சட்டப்படி பென்ஷன் பணத்தைக் கடன்காரர் தொட முடியுமா என்று விசாரியுங்கள். பல நாடுகளில் முடியாது.

மாதாமாதம் போடுவதை நிறுத்தலாமா?

நிறுவனமும் ஒரு பங்கு போடுகிறது என்றால் அந்த அளவுக்காவது தொடருங்கள். கடன் அட்டை பாக்கி இருந்தால் அதற்குமேல் போடுவதை நிறுத்தி அந்தப் பாக்கியை அடைத்துவிடுங்கள். அந்த வட்டியை எந்த முதலீடும் மிஞ்சாது.

தங்கம்?

கொஞ்சம் வைக்கலாம். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலர் வரை போன தங்கம் அடுத்த இருபது ஆண்டு அந்தப் பக்கமே வரவில்லை.

விழாமல் நிலையான வருமானம் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

அமெரிக்க முதலீட்டு மோசடிக்காரர் மேடாஃப் பல ஆண்டு அதைத்தான் சொன்னார், 2008 டிசம்பரில் கைதானார். எல்லோரும் பணத்தைத் திரும்பக் கேட்டதால்தான் மோசடி வெளியே வந்தது.

மீட்சி உறுதியாகத் தெரிந்ததும் மறுபடி பங்குக்கு மாறலாமா?

உறுதியாகத் தெரியும்போது விலையும் ஏறியிருக்கும், 2009ஐ மேலே பார்த்தோம். உங்கள் வயதுக்கும் தேவைக்கும் ஏற்ப ஒரு விகிதத்தை இன்றே முடிவு செய்து எழுதி வையுங்கள், பங்கு 50, கடன் பத்திரமும் வங்கி வைப்பும் 50 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒருமுறை, நீங்களே குறித்த தேதியில் பாருங்கள். பங்கு 40க்கு இறங்கியிருந்தால் மற்றதிலிருந்து எடுத்து 50க்கு ஏற்றுங்கள், 60க்குப் போயிருந்தால் குறைத்து ரொக்க ஒதுக்கீட்டை நிரப்புங்கள். இரண்டு மூன்று ஆண்டுச் செலவுக்கானதை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். கட்டணம் எவ்வளவு என்றும் அன்றே பாருங்கள், ஆண்டுக்கு 1 சதவீதக் கட்டணம் என்றாலும் முப்பது ஆண்டில் மொத்தத்தில் கால் பங்கை விழுங்கிவிடும்.